மழை மாதங்களில் பைக் செயின் ஏன் துருப்பிடிக்கிறது?

தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோர ஊரான சாகுபுரத்தில் குளிர்காலம் என்றால் பனியல்ல, மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது ஏறத்தாழ 95 செ.மீ.!

இந்த மாதங்களில் பைக் செயின் சட்டென்று செம்பழுப்பாவது ஏன்? இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். ஆனால் கடற்காற்று கொண்டுவரும் உப்புத்துகளும் செயினில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். அதனால் மழை விட்ட பிறகும் உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் காயாமல் நிற்கும். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரும்பை அரிக்கும் மின்வேதிவினை வேகம் பிடிக்கிறது. காவலாக இருந்த எண்ணெயையோ சேற்றுநீர் ஏற்கெனவே கழுவிக்கொண்டு போயிருக்கும்.

  

தேங்கிய நீரில் ஓட்டி வந்த அன்றே செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்ந்த பின் எண்ணெய் விடுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.