ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரு பேச்சு

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கே போனால் பெரியநாயக்கன்பாளையம். நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் எல்.எம்.டபிள்யூ. இங்கேதான் இருக்கிறது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கலை அறிவியல் கல்லூரி நடத்தும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் இங்கேதான். படிப்பும் வேலையும் இவ்வளவு பக்கத்தில் அமைந்த ஊர்கள் குறைவு. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் பிள்ளைகள் தடுமாறுவது கோவை வட்டாரம் முழுக்க நடக்கிறது.

தடுமாற்றம் பெரும்பாலும் இயந்திரத்தில் இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஓட்டும் லேத்தில் டூல் தேய ஆரம்பித்திருக்கிறது, அளவு மயிரிழை விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஷிப்ட்காரரிடம் சொல்லிவிட்டுப் போக அரை நிமிடம் போதும். சொல்லாமல் போனால் விடிவதற்குள் ஒரு தொட்டி நிறைய ரிஜெக்ட் சேர்ந்துவிடும். இவ்வளவுக்கும் அந்தப் பையன் மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரிந்தவன், டிப்ளமாவில் நல்ல மார்க் வாங்கியவன். ‘அண்ணா, இதுல ஒரு சந்தேகமுங்க’ என்று கேட்கத்தான் வாய் வரவில்லை.

அவன் மீது பழி போடுவது நியாயமில்லை. கேள்வி கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொண்ட வகுப்பறைகளிலிருந்து வந்தவன் அவன். குழு புராஜெக்ட் என்ற பெயரில் ஒருவர் செய்ய, நான்கு பேர் கையெழுத்துப் போட்டதையும் பார்த்தவன். சேர்ந்து வேலை செய்ய எங்கே கற்றிருப்பான்?

பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவரே வேலைக்கு உகந்தவர் என்று 2005ல் நாஸ்காம்–மெக்கின்சி அறிக்கை சொன்னது. 2025ன் இந்தியா ஸ்கில்ஸ் ரிப்போர்ட், வேலைக்குத் தகுதியான இளைஞர்கள் 54.81 சதவீதம் என்கிறது. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். ஆனால் குறை இன்னும் தீரவில்லை என்பது தெளிவு. தமிழக அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், தொழில்நுட்பப் படிப்புகளோடு ஆங்கிலப் பயிற்சியையும் மென்திறனையும் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்தது. நல்ல தொடக்கம்.

மென்திறன் என்றாலே ஆங்கிலம் என்று நினைப்பதுதான் கெடுதல். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் கோவைப் பட்டறைகளில் நிறைய. அவர்களுக்கு ஒரு டிராயிங்கை விளக்க நாலு இந்தி வார்த்தையும், கைஜாடையும், பொறுமையும் வேண்டும். இன்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்த ஆங்கில அறிமுகம் அங்கே எடுபடாது. மரியாதை கொங்குப் பிள்ளைகளின் பேச்சிலேயே ‘ங்க’ என்று ஒட்டியிருக்கிறது. அதோடு துணிவு சேர வேண்டும்.

சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. தி.சு. அவினாசிலிங்கம் 1930ல் ஒரே ஒரு மாணவனோடு தொடங்கியது வித்யாலயம். 1934ல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். குருகுல முறையில் நடந்த அந்தப் பள்ளி, சேர்ந்து வாழ்வதையும் உடலுழைப்பையும் கல்வியின் பகுதியாகவே வைத்தது. பி.எஸ்.ஜி. நிறுவனங்களும் தொழிற்சாலையையும் வகுப்பையும் ஒரே வளாகத்தில் நடத்தின.

இன்றைய பட்டறைகளும் இதைச் செய்யலாம். அப்ரண்டிஸாக வந்தவரை முதல் வாரத்திலிருந்தே ஷிப்ட் ஒப்படைப்பை வாய்விட்டுச் சொல்ல வைக்கலாம்: எத்தனை பீஸ் ஓடியது, எது மக்கர் செய்தது, எது புரியவில்லை. கல்லூரி வைவாவில் தன் பங்கை விட்டுக் கூட்டாளியின் பங்கை விளக்கச் சொல்லலாம். இதற்குத் தனிப் பயிற்சியாளரோ கட்டணமோ வேண்டியதில்லை. புரியவில்லை என்று சொன்ன பிள்ளையைத் திட்டாத சூப்பர்வைசர் வேண்டும். அவருக்கும் பயிற்சி தர வேண்டியிருக்கும்.