உங்களுக்குத் தெரியுமா? வானம் பார்த்த டிரம்பெட்

டிரம்பெட்டின் வாய் வாசிப்பவருக்கு நேர் எதிரே நீண்டிருக்கும். அமெரிக்க ஜாஸ் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட் மட்டும் வானத்தைப் பார்க்கும்!

1953 ஜனவரி 6. நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் அவர் மனைவி லொரெய்னின் பிறந்தநாள் விருந்து. ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த டிரம்பெட் மீது ஆள் விழுந்து, குழாய் வளைந்துவிட்டது. கில்லெஸ்பி அதையே எடுத்து ஊதிப் பார்த்தார். தான் வாசிப்பது தன் காதுக்கே முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது! பிறகு 45 டிகிரி வளைவோடு புதிதாகவே செய்து வாங்கினார். அதுவே அவரது அடையாளமானது.

வளைந்த குழாயைவிடப் பெரிய சாதனை, 1940களில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரோடு அவர் உருவாக்கிய மின்னல்வேக ‘பீபாப்’ பாணி. கியூபத் தாளங்களை ஜாஸுக்குள் கொண்டுவந்ததிலும் அவர் பங்கு பெரிது.

1956-ல் அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஜாஸ் குழுவுக்குத் தலைவர் அவர்தான். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இனப் பிரிவினை கோலோச்சிய அந்நாளில், கறுப்பரும் வெள்ளையரும் அதில் ஒரே மேடையில் வாசித்தார்கள். டிராம்போன் வாசித்தவர்களில் மெல்பா லிஸ்டன் என்ற பெண்ணும் இருந்தார்.

1964-ல் ஜனாதிபதி வேட்பாளராகவும் தன்னை அறிவித்துக்கொண்டார். வென்றால் வெள்ளை மாளிகைக்கு ‘புளூஸ் மாளிகை’ என்று பெயர் வைப்பாராம். பிரசார பேட்ஜ் விற்ற பணம் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் போனது.