கம்ப்யூட்டரின் பதிவேட்டைச் “சுத்தம்” செய்யலாமா?
வேகம் வரும் என்று ஆசை காட்டுகிறார்கள், வருவது என்ன?

செஞ்சி ராஜகிரிக் கோட்டை. படி ஏறிக்கொண்டே போனால், உச்சிக்குச் சற்று முன்னே பாறை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பிளவின் அகலம் சுமார் 24 அடி. ஆழம் சுமார் 60 அடி!

அதைத் தாண்ட ஒரு சிறு பாலம்தான் வழி. அந்தக் காலத்தில் மரப்பாலம் இருந்தது. மரத்தை எடுத்து விட்டால் போதும். கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் மேலே வர முடியாது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது என்றால், அதற்கு இத்தகைய காவல்களும் ஒரு காரணம்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள்.

ஒருவன் கோட்டைக்குள் வருகிறான். “இங்கே சும்மா கிடக்கும் கட்டை, பலகை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துகிறேன். கோட்டை பளிச்சென்று ஆகிவிடும்” என்கிறான். யாரும் நடக்காத நேரத்தில் அந்த மரப்பாலத்தைப் பார்க்கிறான். “இது எதற்கு?” என்று தூக்கி எறிந்து விடுகிறான்.

பிறகு என்ன ஆகும்? மேலே இருப்பவர்கள் கீழே இறங்க வழி இல்லை!

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒருவன் நுழைவது உண்டு. அவன் பெயர், “ரெஜிஸ்ட்ரி கிளீனர்”. தமிழில் சொன்னால், பதிவேடு துடைக்கும் சாப்ட்வேர்.

வீட்டுக்கு வீடு வந்த எந்திரம்

ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஆபீசில்தான் பார்க்கலாம். இப்போது அப்படி இல்லை. 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, பிளஸ்-2 மாணவ-மாணவிகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதன் பிறகு, நெல்லும் மணிலாவும் விளைகிற ஊர்களில், ஓட்டு வீடுகளுக்குள்ளும் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

அந்த வீட்டில் அது ஒன்றுதான் கம்ப்யூட்டர். மகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுவது அதில். தம்பி பாடம் படிப்பது அதில். கல்யாணப் போட்டோக்கள் இருப்பதும் அதில்.

சில வருடம் போனால் எந்திரம் மெதுவாகிறது. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு டம்ளர் காப்பி குடித்து வரலாம்! அந்தச் சமயம் பார்த்துத் திரையில் ஒரு விளம்பரம் குதிக்கிறது.

“உங்கள் கம்ப்யூட்டரில் 847 பிழைகள்! உடனே சரி செய்யுங்கள்!”

சிவப்பு எழுத்து. பெரிய எண். பார்த்ததும் நெஞ்சு படபடக்கிறது. “ஐயோ, அப்பாவுக்குத் தெரிந்தால் திட்டுவாரே” என்று பையன் அந்தப் பொத்தானை அழுத்தி விடுகிறான்.

அழுத்தலாமா? கூடாதா? முதலில் பதிவேடு என்றால் என்ன என்று பார்ப்போம்.

கிராமக் கணக்கு போல!

ஒவ்வொரு கிராமத்துக்கும் நிலப் பதிவேடு இருக்கிறது. எந்த நிலம் யாருடையது, எத்தனை ஏக்கர், என்ன பட்டா எண் என்று எல்லாம் அதில் பதிவாகி இருக்கும்.

விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. அதுதான் ரெஜிஸ்ட்ரி. திரையில் என்ன படம் வைக்க வேண்டும், போட்டோவை எந்த சாப்ட்வேரில் திறக்க வேண்டும், எந்தப் பிரிண்டர் சேர்ந்திருக்கிறது, எந்திரம் விழித்ததும் எவை எவை ஓட வேண்டும் என்று லட்சக்கணக்கான குறிப்புகள் அதில் இருக்கின்றன.

1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் இது சின்னதாகத் தொடங்கியது. 1995-ல் வந்த விண்டோஸ் 95-ல் முழுப் பதிவேடாக வளர்ந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு சாப்ட்வேரும் தன் குறிப்பைத் தனித்தனிச் சீட்டில் எழுதி வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்ததுதான் ரெஜிஸ்ட்ரி.

நாம் ஒரு சாப்ட்வேரை நீக்கும்போது, அதன் குறிப்புகளில் சில அழியாமல் தங்கி விடும். இது உண்மை. ஊரை விட்டுப் போனவரின் பெயர் கணக்கில் நிற்பது போல. இந்தப் பழைய குறிப்புகளைத்தான் கிளீனர்கள் “பிழை” என்று எண்ணிக் காட்டுகின்றன.

பழைய குறிப்பு பாரமா?

சரி, பழைய குறிப்பு நின்றால் எந்திரம் மெதுவாகுமா?

ஆகாது! ஏன் தெரியுமா?

பட்டா எண் தெரிந்தவர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. எண்ணைப் பார்த்து நேரே அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். விண்டோசும் அப்படித்தான். தனக்கு வேண்டிய குறிப்பைப் பெயர் சொல்லி நேரே எடுக்கிறது. மற்றப் பக்கத்தில் யார் பெயர் இருந்தால் அதற்கு என்ன?

லட்சக்கணக்கான குறிப்புகளில் சில நூறை அழிப்பதால் என்ன லாபம்? நூறு மூட்டை நெல் ஏற்றி விற்பனைக் கூடத்துக்குப் போகிற லாரியிலிருந்து ஒரு கைப்பிடி பதரை எடுத்து வீசுவது போலத்தான். லாரி பறந்து விடுமா?

விண்டோஸ் 95 காலத்தில் எந்திரங்களுக்கு நினைவுத்திறன் மிகக் குறைவு. அப்போது பதிவேட்டைச் சின்னதாக வைத்திருப்பதில் ஓரளவு பொருள் இருந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனியே அந்தக் காலத்தில் “ரெக்கிளீன்” என்று ஒரு துடைப்பானைக் கொடுத்தது. பிறகு அதை நிறுத்தி விட்டது. இன்றோ, பதிவேடு துடைக்கும் சாப்ட்வேர்களைத் தான் ஆதரிப்பதில்லை என்றும், அவற்றால் விண்டோசையே மறுபடி போட வேண்டிய நிலை வரலாம் என்றும் அதே கம்பெனி எச்சரிக்கிறது.

கெடுதல் எப்படி வருகிறது?

லாபம் இல்லை என்றால் போகட்டும். நஷ்டமும் உண்டு என்பதுதான் விஷயம்.

ஒரு குறிப்பு உபயோகத்தில் இருக்கிறதா, இல்லையா என்று கிளீனருக்கு நிச்சயமாகத் தெரியாது. அது ஊகம்தான் செய்கிறது. ஒரு குறிப்பு பென்டிரைவில் உள்ள பைலைக் காட்டுகிறது என்று வைத்துக் கொள்வோம். பென்டிரைவ் அப்போது செருகப்படவில்லை. “பைலைக் காணோம். குறிப்பு வீண்” என்று கிளீனர் அழித்து விடும். வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் பழைய பிரிண்டருக்கும் இதே கதி வரலாம்.

யாரும் நடக்கவில்லை என்பதற்காக மரப்பாலத்தைத் தூக்கி எறிந்தானே, அந்த ஆசாமியின் வேலைதான் இது!

தவறான குறிப்பு போனால், ஒரு சாப்ட்வேர் மட்டும் திறக்காமல் போகலாம். அது சின்னச் சேதம். எந்திரமே விழிக்காமல் போகலாம். அது பெரிய சேதம். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்பதில்லை. பலர் துடைத்து விட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். ஆனால் லாபமே இல்லாத வேலைக்கு எதற்காக வீட்டுக் கம்ப்யூட்டரைப் பணயம் வைக்க வேண்டும்?

பயமுறுத்திப் பணம்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில பேர்வழிகள் இதை வைத்து வியாபாரமே நடத்தினார்கள்.

2008-ம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டன் மாநில அரசு ஒரு வழக்குப் போட்டது. “உங்கள் ரெஜிஸ்ட்ரி கெட்டுப் போய்விட்டது” என்று மக்களின் திரையில் பொய் எச்சரிக்கை காட்டி, “ரெஜிஸ்ட்ரி கிளீனர் எக்ஸ்பி” என்ற சாப்ட்வேரை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன் விலை சுமார் 40 டாலர்!

2019-ல் இன்னொரு விவகாரம் வெளியானது. “ஆபீஸ் டிப்போ” என்ற பெரிய கடைக் கம்பெனி, வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டரை இலவசமாகச் சோதித்துத் தந்தது. சோதனைக்கு முன் நாலு கேள்வி. “எந்திரம் மெதுவாக ஓடுகிறதா?” என்பது போன்ற கேள்விகள். ஏதாவது ஒன்றுக்கு “ஆம்” என்றால் போதும். எந்திரம் நன்றாக இருந்தாலும் “கோளாறு” என்று முடிவு வரும்! அமெரிக்க வர்த்தக ஆணையம் இப்படிக் குற்றம் சாட்டியது. அந்தக் கம்பெனியும், சாப்ட்வேர் கொடுத்த கம்பெனியும் சேர்ந்து 3½ கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

நல்ல பெயர் எடுத்த சாப்ட்வேருக்கும் சோதனை வந்தது உண்டு. “சிகிளீனர்” என்பது உலகம் முழுவதும் பலர் உபயோகிக்கும் துடைப்பான். 2017-ம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், திருடர்கள் அதன் ஒரு பதிப்புக்குள்ளேயே விஷ நிரலைப் புகுத்தி விட்டார்கள். 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் அந்தப் பதிப்பு ஏறி இருந்தது!

நம் நாட்டிலும் “கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, சரி செய்து தருகிறோம்” என்று போனில் ஏமாற்றும் கூட்டங்கள் உண்டு. 2023 அக்டோபரில் சைபர் மோசடிகள் தொடர்பாகத் தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் 76 இடங்களில் சி.பி.ஐ. சோதனை நடத்தியது. பெரிய கம்பெனியின் தொழில்நுட்ப உதவியாளர்கள் போல நடித்து வெளிநாட்டினரை ஏமாற்றிய வழக்கும் அவற்றில் ஒன்று.

பிறகு ஏன் மெதுவாகிறது?

எந்திரம் மெதுவாவதற்கு உண்மையான காரணங்கள் வேறு. அவற்றைக் காசு இல்லாமலே பார்க்கலாம்.

ஒன்று: எந்திரம் விழித்ததும் தானாக ஓடும் சாப்ட்வேர்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் “டாஸ்க் மேனேஜர்” திறக்கும். அதில் “ஸ்டார்ட்-அப்” என்ற பகுதியில் வேண்டாதவற்றை நிறுத்தி வைக்கலாம்.

இரண்டு: டிஸ்க் நிரம்பி வழிவது. விண்டோசிலேயே உள்ள “டிஸ்க் கிளீனப்” தற்காலிகப் பைல்களை நீக்கும்.

மூன்று: வைரஸ். விண்டோஸ் 8 முதல் “டிபெண்டர்” என்ற காவல்காரன் கூடவே வருகிறான். மத்திய அரசின் “சைபர் ஸ்வச்தா கேந்திரா” 2017 முதல் இலவசக் கருவிகளைக் கொடுத்து வருகிறது.

நாலு: தூசி. காற்றுப் போகும் வழி அடைத்துக் கொண்டால் எந்திரம் சூடாகும். சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும்.

ஐந்து: வயது. நினைவுத்திறனைக் கூட்டுவதும், சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுவதும் நல்ல பலன் தரும். கிளீனருக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குச் செலவழித்தால் வேகம் கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்து விட்டது. பழைய எந்திரம் வைத்திருப்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே துடைத்து விட்டால்?

பயப்பட வேண்டாம். எந்திரம் ஒழுங்காக ஓடினால் அந்த சாப்ட்வேரை நீக்கி விடுங்கள். கோளாறு தெரிந்தால், “சிஸ்டம் ரெஸ்டோர்” வசதி இயக்கத்தில் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால், எந்திரத்தைப் பழைய தேதியின் நிலைக்குத் திருப்பலாம். பணம் பறிபோயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பாங்கிக்கும் சொல்லுங்கள்.

போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள். இதை மட்டும் இன்றே செய்யலாம்.

பதிவேட்டில் கையே வைக்கக் கூடாதா? தொழில் தெரிந்தவர், இன்ன கோளாறுக்கு இன்ன குறிப்பு என்று அறிந்து, நகல் எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் திருத்தலாம். அது வைத்தியம். கண்ணை மூடிக்கொண்டு 847-ஐ அழிப்பது வைத்தியம் அல்ல.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சும்மா கிடக்கிறதே என்று அங்கே ஒரு கல்லைக்கூட எவரும் பெயர்த்து எடுக்க முடியாது. எந்தக் கல் எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்க்காமல் தொல்பொருள் துறையும் கை வைக்காது.

அடுத்த முறை திரையில் சிவப்பு எழுத்து குதித்தால், அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று பையன் பயப்பட வேண்டாம். அப்பாவைக் கூப்பிடட்டும். இருவருமாக அந்த விளம்பரத்தை மூடி விடலாம்!