கற்பித்தலும் ஒரு தொழிலே

ஐம்பது ஆண்டுகள் பட்டுத்தறியில் அமர்ந்த அங்கத்தினர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம் சங்க அலுவலகத்திற்கு வந்தார். “கண் மங்கிவிட்டது, முழங்கால் குழித்தறியில் இறங்க மறுக்கிறது. இனி எனக்கு என்ன வேலை இருக்கிறது?” என்று வினவினார். “நெய்ய இயலாவிடினும் கற்பிக்க இயலும், அதற்கு ஊதியமும் பெற இயலும்” என்று விடையளித்தோம். அவ்விடையையே இங்கு விரித்து எழுதுகிறோம்.

பழைய வழி

கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. ஆதலால் நெசவாளியின் பக்கத்தில் ஒரு சிறுவன் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுப்பது முன்னாள் வழக்கம். ஆண்டுகள் செல்லச் செல்ல, எவரும் சொல்லிக் கொடாமலே அவன் தொழிலைக் கற்றுவிடுவான். அம்முறையில் ஆசிரியருக்குச் சம்பளமில்லை, மாணவனுக்குப் பள்ளியுமில்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தபின் அவ்வழி அடைபட்டது. அது நன்மையே, அதற்காக நாம் வருந்தவில்லை. ஆனால் அதற்கு ஈடாக வேறு வழி வகுத்தோமா என்பதே கேள்வி. இன்று தொழில் கற்க வருபவர் பள்ளிப் படிப்பை முடித்தவர்; சில மாதங்களில் கற்க விரும்புபவர்; “ஏன்” என்று கேட்பவர். அவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஆசான் வேண்டும்.

அறிதல் வேறு, அறிவித்தல் வேறு

ஊடையை எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று கேட்டால், “கை சொல்லும்” என்பார் தேர்ந்த நெசவாளி. கற்பவரின் கையோ இன்னும் ஒன்றும் சொல்வதில்லை! மேற்கூறிய பெரியவரிடம் இரண்டு பெண்கள் கற்கத் தொடங்கினர். முதல் வாரத்தில், இழை அறுந்த போதெல்லாம் அவரே எட்டி முடிந்துவிட்டார். பெண்கள் வேடிக்கை பார்த்ததே மிச்சம். பிறகு அவர் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். மிதித்தல் ஒரு நாள், நாடா எறிதல் ஒரு நாள், தட்டுதல் ஒரு நாள் என்று வேலையைப் பிரித்தார். ஓரம் கோணினால், காரணத்தை அவர்களையே தேடச் செய்தார். இதுவே கற்பிக்கும் திறன். இதுவும் பழகிப் பெற வேண்டியதே.

பயிர்த்தொழிலிலும் இவ்வுண்மை கண்டறியப்பட்டுள்ளது. இந்தோனேசியாவில் பூச்சிமருந்தின் மிகுதியால் நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்து, புகையான் பெருகி நெல்லை அழித்தது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டரசு 57 மருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் அங்கு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. உழவர்கள் பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடிப் பூச்சிகளை எண்ணி ஆராய்ந்தனர். பயிற்றுநர் விடை கூறாமல், “நீங்கள் என்ன கண்டீர்கள்?” என்று திருப்பிக் கேட்டார். அவ்வாறு கற்ற உழவர் பலர் பின்னர் தாமே பயிற்றுநர் ஆயினர்.

வேலை எங்குள்ளது?

1956ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்ட நெசவாளர் சேவை மையங்கள் பயிற்சி அளித்து வருகின்றன, காஞ்சிபுரத்திலும் ஒன்றுண்டு. இளைஞர்க்கு, 1960ஆம் ஆண்டில் சேலத்தில் நிறுவப்பட்ட கைத்தறித் தொழில்நுட்ப நிலையத்தின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு ஏற்றது. உழவர்கள் அணுக வேண்டியது வேளாண் அறிவியல் நிலையங்களை. அவற்றுள் முதலாவது 1974ஆம் ஆண்டில் புதுச்சேரியில் தோன்றியது. மகளிர் குழுக்களில் சமுதாய வளப் பயிற்றுநராய் மதிப்பூதியம் பெறுவோரும் உளர். பள்ளிச் சான்று இல்லாதவர் மனந்தளர வேண்டா. முன்பே கற்ற கைத்திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் முறை, 2015ஆம் ஆண்டின் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில் இடம் பெற்றது.

தொடங்கும் முறை

முதலில் இருவருக்கு மட்டும் கற்பியுங்கள். ஒவ்வொரு நாளும் கற்பித்ததையும், கற்றவர் தடுமாறிய இடத்தையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வேலை கேட்டுச் செல்லுமிடத்தில் அக்குறிப்பேடும், உம்மிடம் கற்றவர் நெய்த துணியுமே சிறந்த சாட்சிகள். எத்தனை நாள் பயிற்சி, நாளுக்கு என்ன ஊதியம், வீணாகும் நூலின் செலவு யாரைச் சாரும் என்னும் மூன்றையும் முன்னரே எழுத்தில் பெறுங்கள். “பெரியவர்தானே, சும்மா சொல்லிக் கொடுப்பார்” என்னும் எண்ணமே பல கலைகளை ஆசானோடு புதைத்திருக்கிறது.

இதில் சங்கங்களுக்கும் கடமையுண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடை தொடங்கிய இருபத்தெண்மருள் நெசவாளரும் இருந்தனர். அச்சங்கம் பின்னர் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கியது. நம் சங்கங்களும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஆசானின் ஊதியத்திற்கு ஓர் இனம் சேர்க்க வேண்டும்.

தறியைவிட்டு எழுந்தவர் தொழிலைவிட்டு நீங்கியவர் அல்லர். அவர் கைப்பழக்கம் இன்னும் பத்துக் கைகளுக்குச் செல்லட்டும். அதற்குரிய ஊதியம் அவர் இல்லத்திற்குச் செல்லட்டும்.