வளர்ப்புன்னா என்ன? ஒரு சொல்லும் அதோட சொந்தக்காரச் சொற்களும்



போன மாதம் கடையநல்லூர் பக்கத்துல ஒரு கிராமத்துல குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிஞ்சு தீர்மானப் புத்தகம் எழுதுற நேரம். எப்பவும் கலகலன்னு பேசுற ஒரு அக்கா அன்னைக்கு வாயே திறக்கல. என்னக்கான்னு கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகன் பத்து நாளா பள்ளிக்கூடம் போகலையாம். வீட்டுக்காரர் கேரளாவுல வேலை பார்க்கிறார். அவர் போன்ல, "எல்லாம் உன் வளர்ப்பு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு வச்சிட்டாராம். பகல் பூரா பீடி சுத்தி, ராத்திரி சோறு பொங்கி, பிள்ளைகளைப் படிக்க வச்ச அந்த அக்காவுக்கு அந்த ஒரு சொல் அடி மாதிரி விழுந்திருக்கு.

வீட்டுக்கு வந்தும் அந்தச் சொல் என்னை விடல. 'வளர்ப்பு'ன்னா உண்மையில என்ன? நம்ம தமிழ்ல இதுக்கு எத்தனை சொல் இருக்குன்னு யோசிச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு வேலையைச் சொல்லுது. அதை உங்களோட பகிர்ந்துக்கிறேன்.

வளர்தல், வளர்த்தல்: 'நெல்லு வளருது'ன்னு சொல்றோம். 'நெல்லை வளர்க்கிறோம்'னும் சொல்றோம். முதல்ல சொன்னது பயிர் தானா செய்யிற வேலை. இரண்டாவது நாம செய்யிற வேலை. நாற்றங்கால்ல நல்ல விதையைப் போட்டு, தண்ணி காட்டி, களை எடுக்கிறது நம்ம கையில. மழையும் வெயிலும் நம்ம கையில இல்ல. பிள்ளையும் அப்படித்தான். பாதி அதோட வளர்ச்சி, பாதி நம்ம வளர்ப்பு.

ஊட்டுதல்: பாலூட்டுறது, சோறு ஊட்டுறது. 'ஊட்டச்சத்து' என்ற சொல்லும் இதுல இருந்து வந்ததுதான். அங்கன்வாடியில 'போஷன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. 2018ல மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தோட பேர் அது. நம்ம பாட்டிமார் சொல்ற 'போஷாக்கு'க்கும் அதுக்கும் ஒரே வேர்தான். பிறந்தப்ப குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறையாம இருக்கணும். ஒரு வயசுல பிறந்த எடையைப் போல சுமார் மூணு மடங்கு வரணும். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணிகூட வேண்டாம். அதுக்கப்புறம் இணை உணவோட இரண்டு வயசுக்கு மேலேயும் பால் கொடுக்கலாம். ஒன்னு மறந்துடாதீங்க, ஊட்டுறவளும் சாப்பிடணும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தா மட்டும் சாப்பிடுற பழக்கத்தை நாமதான் மாத்தணும்.

சவலை: இது எதிர்ப்பதம் மாதிரி ஒரு சொல். அடுத்த பிள்ளை சீக்கிரம் உண்டானதால பால் குறைஞ்சு மெலிஞ்சு போற மூத்த பிள்ளையைத்தான் 'சவலைப் பிள்ளை'ன்னு சொல்வாங்க. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைஞ்சது இரண்டு வருஷம் இடைவெளி வேணும்னு டாக்டருங்க சொல்ற விஷயத்தை நம்ம முன்னோர் ஒரே சொல்லுக்குள்ள அடக்கி வச்சிருக்காங்க.

சீராட்டுதல், பாராட்டுதல்: "சீராட்டிப் பாராட்டி வளர்த்தேன்"னு சொல்றோம் இல்லையா? வளர்ப்புக்குள்ள பாராட்டும் இருக்கு. திட்டு மட்டும் வாங்கி வளர்ற பிள்ளைக்கு இந்தப் பங்கு கிடைக்கல. 'போற்றுதல்' என்ற சொல்லும் அப்படித்தான். இப்ப அதைப் புகழ்றதுக்கு மட்டும் சொல்றோம். பழைய தமிழ்ல அதுக்குப் பாதுகாக்குறது என்ற அர்த்தமும் உண்டு.

ஓம்புதல், பேணுதல்: திருக்குறள்ல ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். விருந்தாளியை வரவேற்று, குறை தெரியாம கவனிச்சுக்கிறதுதான் அது. பேணுதலும் அதே போல, கெட்டுப் போகாம காத்து வர்றது. பிள்ளைகளுக்கு மட்டும் இல்ல, வயசான அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும். அரசு பாஷையில இதுக்குப் 'பராமரிப்பு'ன்னு பேர். 2007ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, பிள்ளைகள் கைவிட்டா பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நம்ம குழுவுல இருக்கிற பெரியம்மாக்கள் இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும்.

புறந்தருதல்: இது ரொம்பப் பழைய சொல், வளர்த்துக் காப்பாத்துறதைச் சொல்லுது. புறநானூற்றுல பொன்முடியார் என்ற பெண் புலவர் பாடிய பாட்டு ஒன்னுல வருது. ஒரு மகனைப் பெத்து வளர்க்கிறது தாயோட கடமைன்னு சொன்னவர் அதோட நிறுத்தல. அவனை நல்லவனாக்குறது தகப்பன் கடமை, வேல் செஞ்சு கொடுக்கிறது கொல்லன் கடமை, நல்ல நடத்தை சொல்லித் தர்றது அரசன் கடமைன்னு பங்கு பிரிச்சுக் கொடுத்திட்டார். அது மகனைப் போருக்கு அனுப்பிய காலம். மகளைப் பத்தி அந்தப் பாட்டுல பேச்சு இல்ல. அந்தக் குறையை நாம இன்னைக்குச் சரி பண்ணணும். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தக் காலத்துலயே வளர்ப்பைத் தாய் ஒருத்தி தலையில மட்டும் கட்டி வைக்கல. தகப்பன், ஊர், அரசு எல்லாருக்கும் பங்கு இருந்திருக்கு.

அடுத்த கூட்டத்துல இதை அந்த அக்காகிட்டச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்படின்னா தகப்பனுக்கும் கணக்கு இருக்குல்லா?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சிட்டோம். அப்புறம் குழுவே சேர்ந்து ஒரு முடிவு எடுத்தது. ஊக்குனரும் இன்னொரு உறுப்பினரும் அந்த அக்காவோட பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு ஆசிரியரைப் பார்த்தாங்க. அப்பதான் தெரிஞ்சது, கணக்குப் பாடம் புரியாம, வகுப்புல எழுந்து நிக்க வெட்கப்பட்டுப் பையன் போகாம இருந்திருக்கான். சாயங்காலம் அரை மணி நேரம் சொல்லித் தர்றேன்னு ஆசிரியர் ஒத்துக்கிட்டார். அந்த அக்கா வீட்டுக்காரர்கிட்ட போன்ல, "வாரம் ரெண்டு தடவை பிள்ளைகிட்ட நீங்க பேசுங்க, அதும் வளர்ப்புதான்"னு சொல்லிட்டாங்க. பையன் இப்ப பள்ளிக்கூடம் போறான். பாஸ் ஆவானான்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா தாயும் பிள்ளையும் தனியா இல்ல.

சகோதரிகளே, நம்ம குழுவும் ஒரு வளர்ப்புதான். சின்னச் சின்ன சேமிப்பைப் பேணி, உள்கடனா ஒருத்தருக்கொருத்தர் ஊட்டி வளர்த்தோம். 1989ல தர்மபுரியில தொடங்கிய சுய உதவிக் குழு வேலை தமிழ்நாடு பூரா பரவினது இப்படித்தான்.

அடுத்த குழுக் கூட்டத்துல பத்து நிமிஷம் ஒதுக்கி மூணு கேள்வி பேசுங்க:

1. நம்ம வீட்டுல மகனுக்கும் மகளுக்கும் ஊட்டுறதும் பாராட்டுறதும் ஒரே அளவா இருக்கா?
2. நம்ம உறுப்பினர் வீட்டுல பள்ளிக்கூடம் நின்ன பிள்ளை உண்டா? 18 வயசு ஆகாத பொண்ணுக்குக் கல்யாணம் பேசுறாங்களா? அப்படின்னா 1098க்கு போன் பண்ணலாம்.
3. நம்மளைப் பேணுறது யாரு?

மூணாவது கேள்விக்குப் பதில் வரலேன்னா, அதையே தீர்மானப் புத்தகத்துல எழுதி வைங்க. அங்கிருந்து தொடங்குவோம்.

இனி யாராவது "உன் வளர்ப்பு"ன்னு சொன்னா தலை குனியாதீங்க. "நம்ம வளர்ப்பு"ன்னு திருத்திச் சொல்லுங்க.