அலுவலகத் தொலைபேசிப் பெட்டியும் அதன் அட்டைகளும்

ஒரு பாடசாலையிலோ கச்சேரியிலோ மேசைத் தொலைபேசியை எடுத்து மூன்று இலக்கங்களை அழுத்தினால், அடுத்த கட்டடத்தில் மணி ஒலிக்கின்றது. அவ்வழைப்பு ஊர்த் தொலைபேசி நிலையத்துக்குச் சென்று திரும்புவதில்லை. ஆதலின் அதற்குக் கட்டணமும் இல்லை. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டியே அவ்வேலையைச் செய்கின்றது. பீ.ஏ.பீ.எக்ஸ். என்று அதனை அழைப்பர். நேயர்களே, அப்பெட்டியின் மூடியைத் திறந்தால் நாம் காண்பவை, செப்புத் தடங்கள் பதித்த சில மின்சுற்று அட்டைகளே.

அவற்றுள் முதன்மையானவை இருவகைப்படும். வெளியிணைப்பு அட்டை, ஊர் நிலையத்திலிருந்து வரும் கம்பியை ஏற்கின்றது. அக்கம்பியில் ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் உண்டு. உள்ளிணைப்பு அட்டையோ, அறைகளிலுள்ள தொலைபேசிகளுக்குத் தானே மின்சாரம் வழங்குகின்றது. மணியை ஒலிக்கச் செய்வதும் அதுவே. ஒன்று பெறுவது, மற்றொன்று கொடுப்பது. ஆதலின் வெளிக்கம்பியைத் தவறுதலாக உள்ளிணைப்பு அட்டையிற் பொருத்தினால் இருபுறமும் மின்சாரம் மோதி, அட்டை பழுதுறக்கூடும். சிறிய பெட்டியொன்று 3 வெளிக்கம்பிகளையும் 8 உள் தொலைபேசிகளையும் கொண்டு தொடங்கி, அட்டைகளைச் சேர்க்கச் சேர்க்க 8 வெளிக்கம்பிகள், 24 தொலைபேசிகள் வரை வளர்வதுண்டு.

அட்டையைப் பொருத்துவதற்கு வலிமை வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும். சிறிய பெட்டிகளில் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அட்டையை அதன் ஓரங்களிற் பிடிக்க வேண்டுமேயன்றி, பொன்முலாம் பூசிய பற்களைத் தொடலாகாது. நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் இதற்குப் பெரும் பகை. கதவுப் பிடியைத் தொடும்போது விரலிற் 'சுரீர்' என்று தாக்குவது சில ஆயிரம் வோல்ட். நாம் உணரவே முடியாத சில நூறு வோல்ட், நுண்சில்லொன்றைக் கெடுப்பதற்குப் போதும். இதனாலேதான் தொழில்நுட்பவியலாளர் மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டி, அதன் கம்பியைப் புவியோடு இணைத்துக்கொள்கின்றனர்.

வன்னியிலே வேறு இரு பகைகளும் உள. ஒன்று சோளகக் காற்றோடு வரும் செம்மண் தூசி. மற்றது ஐப்பசி மழையோடு வரும் மின்னல். சிறந்த புவியிணைப்பும் கம்பி நுழையுமிடத்தில் மின்னற் காப்பும் இன்றிப் பெட்டியை நிறுவுவது வீண் செலவு என்பது என் கருத்து. வெப்பத்தையும் தூசியையும் தாங்கும் நிலையத்தை அமைத்தல் இயலாத செயலன்று. 1984 இல் இந்திய அரசு நிறுவிய சி-டொட் நிலையத்தார், குளிரூட்டிய அறை வேண்டாத, 128 வாயில்களைக் கொண்ட கிராமிய இணைப்பகத்தை உருவாக்கி, 1986 இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவினர். அதுவும் அட்டைகளால் ஆனதே.

அட்டையைப் பொருத்தியதும் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். பெட்டிக்கு அது தெரியாது. எந்த வாயிலுக்கு எந்த எண், வெளியழைப்பு வந்தால் எங்கே மணி ஒலிக்க வேண்டும், இரவில் எங்கே ஒலிக்க வேண்டும், யார் வெளியே அழைக்கலாம் என்பனவற்றையெல்லாம் நாம் அதற்குச் சொல்லிவைத்தல் வேண்டும். இவற்றுள் இறுதியிற் கூறியதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லுகிறேன்.

2003 ஆம் ஆண்டில் வவுனியா மாவட்டத்துப் பாடசாலையொன்றில் நான் ஆசிரியனாயிருந்தேன். புதிய அட்டையொன்று வந்தது. வகுப்புக் கட்டடங்களுக்கும் மாணவர் விடுதிக்கும் தொலைபேசி கிடைத்தது. கட்டணம் பெருகிவிடுமே என்ற அச்சத்தினால், புதிய எண்கள் எவற்றுக்கும் வெளியழைப்பு உரிமை வேண்டாம் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தவன் நானே. தொழில்நுட்பவியலாளரும் அவ்வாறே அமைத்துச் சென்றார். விடுதியிலிருந்து அலுவலகத்துக்குப் பேசிப் பார்த்தோம். குரல் தெளிவாகக் கேட்டது. மகிழ்ந்தோம்.

சில வாரங்களின் பின், ஓரிரவு விடுதிச் சிறுவன் ஒருவனைப் பாம்பு தீண்டிற்று. விடுதிப் பொறுப்பாளர் தொலைபேசியை எடுத்து மருத்துவமனையின் எண்ணை அழுத்தினார். 'டூ, டூ' என்ற மறுப்பொலியே கிடைத்தது. மீண்டும் அழுத்தினார்; மீண்டும் அதுவே. அலுவலகம் பூட்டியிருந்தது. கைத்தொலைபேசி எங்களில் எவரிடமும் அப்போது இல்லை. அவர் மிதிவண்டியில் வீதிக்கு ஓடி, ஒரு வானை மறித்து வருவதற்குள் ஏறத்தாழ அரை மணி கழிந்தது. சிறுவன் பிழைத்தான். அட்டையிலும் கம்பியிலும் குறையில்லை; பெட்டி, நான் எழுதியதை எழுத்துப் பிசகாமற் செய்தது.

மறுநாள் மாற்றிய அமைப்பு ஐந்து நிமிட வேலை. விடுதியின் எண்ணுக்கு உள்ளூர் அழைப்புரிமை கொடுக்கப்பட்டது. மாலை ஆறு மணிக்குமேல் வரும் வெளியழைப்புகள் விடுதியில் ஒலிக்கச் செய்யப்பட்டன. அதன்பின் நான் பணியாற்றிய பாடசாலைகளில், அட்டை மாற்றும்போதெல்லாம் ஒவ்வொரு தொலைபேசியையும் தனித்தனியே எடுத்து, உள்ளே ஓரழைப்பு, வெளியே ஓரழைப்பு, வெளியிலிருந்து ஓரழைப்பு எனச் சோதிக்கின்றேன். பூட்டிய அறைகளைக் கணக்கிற்கொண்டு, இரவிலும் ஒருமுறை. எண்களின் பட்டியலைப் பெட்டியின் மூடிக்குள்ளே ஒட்டி வைப்பதும் வழக்கமாயிற்று. அப்பட்டியலின் முதல் வரியில் இருப்பது அதிபரின் அறையன்று, விடுதி.