மீதிச் சில்லறையை எண்ணத் தெரிய வேண்டும்!

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது, முகத்துவாரக்குப்பம். மீனவர்கள் வாழும் ஊர்.

மீன் விற்கும் தாய்மார்களுக்குக் கணக்கு விரல் நுனியில்! ஒரு கூறு என்ன விலை, 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று நொடியில் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை பார்த்தே கற்றுக்கொள்ளும்.

ஆனால், கண் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? அதுவும், சொந்த வீட்டை இழந்து வேறொரு குடும்பத்தில் வளரும் பிள்ளையாக இருந்தால்?

18 வயதில்...

பெற்றோரால் வளர்க்க முடியாத பிள்ளையை, அரசு மேற்பார்வையில் மற்றொரு குடும்பம் வளர்ப்பதற்கு "வளர்ப்புப் பராமரிப்பு" என்று பெயர். 18 வயதில் அது முடிந்துவிடும்.  பிறகு அவன் பணத்தை அவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடும் பாதிப்பு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்புத் தொகை, 2023-ல் மாதம் 2 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. பணம் வந்தால் போதுமா? அதை எண்ணத் தெரியாவிட்டால், எண்ணிக் கொடுப்பவர் சொன்னதுதான் கணக்கு!

தொட்டால் தெரியும்

100 ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லி மீட்டர். 200 ரூபாய் நோட்டு 146. 500 ரூபாய் நோட்டு 150. நோட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தடவினால் வித்தியாசம் தெரியும். 100 ரூபாயில் முக்கோணமும், 500 ரூபாயில் வட்டமும் மேடாக அச்சிடப்பட்டுள்ளன. பழைய நோட்டில் மேடு தேய்ந்திருக்கலாம். அதனால் நீளத்தையும் பழக்க வேண்டும். நோட்டின் மதிப்பை வாயால் சொல்லும் "மணி" என்ற செல்போன் செயலியை ரிசர்வ் பாங்கி 2020-ல் வெளியிட்டது.

கடைக்கு அனுப்புங்கள்

மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும். முதலில் நாணயங்களைப் பிரிக்கட்டும். பிறகு 20 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். மீதியை அவனே எண்ணி வாங்கட்டும். தவறினால் திட்டாதீர்கள். இன்று 5 ரூபாயில் தவறினால், நாளை 5 ஆயிரத்தில் தவற மாட்டான்.

10 வயது நிறைந்த பிள்ளை, பாங்கியில் தானே கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஏ.டி.எம். ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதையும் கற்றுக்கொடுங்கள்.

உரிமை

மாற்றுத்திறனாளிகள் தங்கள் பண விவகாரங்களைத் தாங்களே நடத்தலாம் என்று 2016-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. உரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. பழக்கத்தை வீடுதான் கொடுக்க வேண்டும்.

"பாவம், அவனுக்கு என்ன தெரியும்?" என்று பணத்தை நாமே வைத்துக்கொள்வது அன்பு அல்ல. அவன் கையில் கொடுத்து, பக்கத்தில் நிற்பதே அன்பு!